வெறுங்கையோடு எழுந்தது

– வண்டி கிளம்பிருச்சுன்னு போன் எடுத்த பொண்ணு சொல்லுச்சும்மா. அப்புறம் ஏன் வரலை? அதை மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்.

– சார், ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேருந்து உங்களுக்குக் கடிதம் வந்திருக்குமே.

– வந்துச்சு. 'கோளாறு எதுவும் பதிவாகவில்லை'ன்னு ஒரே வரி. அக்காவை அடக்கம் பண்ணின மறுநாள். இங்க வாசல்ல காவலாளிகிட்டக் கேட்டேன். வண்டி அனுப்புற புரோகிராம் எழுதினது நீங்கன்னு கை காட்டினாரு.

– உங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு.

– சரிம்மா. தண்ணி மட்டும் குடிச்சுக்கிறேன்.

– உக்காருங்கண்ணே. உக்காருங்க. பாருங்க, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு குட்டி புரோகிராம் தனியா ஓடும். தெரு, வீட்டு நம்பர், எந்த வண்டி, எல்லாம் அது கையில இருக்கும். அதுங்களுக்கு மேல ஒரு சூப்பர்வைசர்.

– ஆளா?

– அதுவும் புரோகிராம்தான். எது பாதியில நின்னு விழுந்தாலும் உடனே எழுப்பி விடும். வேற வேலை கிடையாது.

– எங்களது விழுந்துச்சா?

– காலை பதினொன்னு இருபதுக்கு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எழுந்துருச்சு.

– அப்ப சரியாத்தானே இருக்கு?

– வெறுங்கையோட எழுந்துச்சுண்ணே. விழும்போது உங்க தெரு போயிருச்சு. வண்டிக்காரருக்குத் தகவலே போகலை. அந்தப் பொண்ணோட திரையில மட்டும் 'கிளம்பியது'ன்னு பச்சையா நின்னுச்சு.

– அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லலை.

– இல்லை. அன்னிக்கு இப்படி எத்தனையோ விழுந்துச்சு. மத்தவங்க திரும்பக் கூப்பிட்டாங்க.

– கிளம்பிருச்சுன்னு சொன்ன பிறகு நான் எதுக்கும்மா கூப்பிடணும்? வாசல்ல நின்னேன். முக்கால் மணி நேரம்.

– இன்னொண்ணு இருக்கு. ஒரு நிமிஷத்துல மூணு தடவைக்கு மேல விழுந்தா, சூப்பர்வைசரே கைவிட்டுடணும். அப்ப மணி அடிக்கும், நாங்க ஓடி வருவோம்.

– அடிக்கலையா?

– அந்த மூணை முந்நூறா மாத்தியிருந்துச்சு.

– யாரு?

– நான். தினமும் அடிக்கும். வந்து பார்த்தா எல்லாம் நல்லா எழுந்து நிக்கும். சும்மா கத்துதுன்னு நினைச்சேன். மாத்தினதுக்கு அப்புறம் சத்தமே இல்லை. கூட வேலை பார்க்கிறவங்க கை குலுக்கினாங்க.

– ம்.

– திட்டுங்கண்ணே. பத்து நாளா எனக்கு எதுவுமே உறைக்கலை. சாப்பிடுறேன், வேலைக்கு வர்றேன். நீங்களாவது திட்டுங்க.

– அதுக்கு வரலைம்மா.

– எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா? வேலை போனா போகட்டும்.

– வண்டி நேரத்துக்கு வந்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு. அதான் இங்க வந்தேன். தப்பு முழுக்க இங்கதான்னு யாராவது சொல்லிட மாட்டாங்களான்னு.

– நான் சொல்றேனே. என்னோடதுதான்.

– வீட்டுல துணி துவைக்கிற மெஷினைப் போட்டாலே, கரண்டை நிறுத்துற டிரிப்பர் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. துணி பாதியில நிக்குதுன்னு அக்கா கத்தினா. ரெண்டு தடவை தூக்கி விட்டேன். அப்புறம், இனிமே விழவே கூடாதுன்னு, டிரிப்பரை விட்டுட்டு நேரா கம்பி கொடுத்தேன். அன்னிக்கு அக்கா ஈரக் கையோட மெஷினைத் தொட்டுட்டா. கரண்ட் அடிச்சிருச்சு. முப்பது வருஷமா எனக்கு வயரிங்தாம்மா வேலை.