தோழனுக்கு ஒரு பலகை

— இல்லை அண்ணை, கெட்டியானதாத் தாங்கோ. வளையிறதைக் குடுத்தா மலிவுச் சாமான் எண்டு நினைப்பார்.

— பொறுங்கோ. ஆருக்கு எண்டு சொல்லாமல் கெட்டி, மெல்லிசு எண்டு கேட்டா நான் என்னத்தைத் தாறது? இது கதவுப் பலகை இல்லை, சினோப் பனியிலை சறுக்கிற பலகை. மேலை கடை மடுத்தீன் அண்ணை உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?

— "கீழை காவு நிலவறைக்குள்ளை ஒரு தாடிக்காரன் சினோ விழுமட்டும் பலகையளோடை இருப்பான், லா சப்பலிலை சினோ போர்ட் தெரிஞ்ச தமிழ் ஆள் அவன் ஒருத்தன்தான், போய்க் கதை" எண்டு சொல்லிக் கடைப் படியாலை இறக்கி விட்டார். சத்தியமா எனக்கு ஒரு இழவும் தெரியாது அண்ணை. செவ்ரானிலை பஸ் ஓடுறன். சினோ கொட்டினா எங்களுக்கு பஸ் நிக்கும், அவ்வளவுதான்.

— பஸ் ஓடுறீங்களோ? அப்ப சுகம். நடுவிலை மடியிற நீள பஸ்ஸை ஒரு சின்ன ஒழுங்கைக்குள்ளை திருப்பேலுமோ?

— திருப்பலாம். நாலு காரின்ரை கண்ணாடி போகும்.

— அதுதான் நீளம். நீளப் பலகை ஆடாமல் அசையாமல் வேகமாப் போகும், ஆனா சட்டெண்டு திரும்பாது. கெட்டி எண்டுறது பஸ்ஸுக்குக் கீழை இருக்கிற வில்லுத் தகடு. பாரம் இருந்தாத்தான் அது வேலை செய்யும்.

— ஓமோம். ஆளில்லாத பஸ் எண்டா குழியிலை தூக்கித் தூக்கி அடிக்கும்.

— லேசான ஆளுக்குக் கெட்டியைக் குடுத்தா அதேதான். பலகை வளையாது. வளையாட்டில் திரும்பாது. திரும்பாட்டில் எதிரை மரம்.

— ஐயோ, கலியாணத்துக்கு முதல் மனுசனை மரத்திலை கொண்டு போய் அடிச்சுப் போடாதேங்கோ!

— ஆற்றை கலியாணம்?

— என்ரைதான். தோழன் மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவினா மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போடுறதெல்லோ? நான் மோதிரத்துக்குப் பதிலா இதைக் குடுப்பம் எண்டு நினைச்சன். அவர் மலையிலை, ஸ்கி ஹோட்டல் ஒண்டிலை குசினி வேலை. மோதிரம் போட்டா மா குழைக்கேக்க கழட்டி எங்கையாவது வைச்சிடுவார்.

— பொம்பிளையின்ரை தம்பியோ?

— ஓம். விதுர்ஷாவின்ரை தம்பி. குலசிங்கத்தாற்றை ஒரே பெடியன்... என்ன அண்ணை, அதையே துடைச்சுக் கொண்டு நிக்கிறீங்கள்?

— ஒண்டுமில்லை. இந்தப் பலகையிலை தூசி. ஆள் என்ன எடை?

— விதுர்ஷா அறுபத்தெட்டு எண்டவ.

— அது எந்தக் காலத்திலை? குசினியிலை நிக்கிறவன் அறுபத்தெட்டிலை நிக்கமாட்டான். எழுபத்தைஞ்சு எண்டு வையுங்கோ. நீங்கள் ஆளை நேரிலை பாக்கேல்லையோ?

— எங்கை? எங்கட கலியாணப் பேச்சுக்கால் நடக்கேக்கையே ஆள் வீட்டை இல்லை. விதுர்ஷாவின்ரை சாமத்தியவீட்டு அல்பத்திலை ஒரு படம் இருக்கு, டை கட்டி, முன்பல்லு ரெண்டும் இல்லாமல். மற்றப் படமெல்லாம் மலையிலை எடுத்தது. எல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும்தான், மூக்கு நுனி மட்டும் தெரியும்.

— எந்தக் கால் முன்னுக்கு வைக்கிறவராம்?

— அதையும் கேட்டு வந்தனான்! வலது கால். சின்னனிலை சொக்ஸோடை ஓடி வந்து வீட்டு நடையிலை வழுக்கி விளையாடுவாராம். எப்பவும் வலதுகால் முன்னுக்காம். ஒருக்கா போய் பிறிஜ்ஜோடை மோதினவராம், விதுர்ஷா, தான் தள்ளி விட்டதெண்டு சொல்லி அடி வாங்கினவவாம்.

— அதெல்லாம் அவவுக்கு நினைவிருக்கோ?

— நினைவிருக்கோவோ? நாங்கள் மண்டபத்தைப் பற்றிக் கதைச்சாலும் தம்பியிலைதான் வந்து நிப்பா. "தம்பி வராட்டில் மணவறையும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், மெரிக் கந்தோரிலை எழுத்தோடை முடிப்பம்" எண்டு ஒரே பிடி. பெரியப்பாவின்ரை மகன் பேர்ளியைத் தோழனா நிப்பாட்டுவம் எண்டு மாமி வாய் திறந்ததுதான் தாமதம், சாப்பாட்டுக் கோப்பையோடை எழும்பிப் போயிட்டா.

— வரமாட்டன் எண்டு அவர் சொன்னவரோ?

— அவர் என்ன செய்யிறது? ஐயர் தை மாசத்திலை நாள் வைச்சிட்டார். பள்ளிக்கூட வக்கான்ஸ் லீவு நேரம், மலை முழுக்கச் சனம். அந்த நேரம் லீவு, கொன்ஜே எண்டு கேட்டா முதலாளி வேலையாலை நிப்பாட்டிப் போடுவான். தள்ளி வையுங்கோ எண்டு பாவம் கேட்டிருக்கிறார். மாமா துள்ளிக் குதிச்சு, "உனக்கு அந்தப் பலகைதான் கூடப்பிறந்தது எண்டால் அதோடையே கிட" எண்டிட்டார்.

— அவ்வளவோடை நிப்பாட்டினவரோ?

— இல்லை, பிறகும் கொஞ்சம் சொன்னவராம். விதுர்ஷா அதைச் சொல்ல மாட்டன் எண்டிட்டா. சொல்ல வெளிக்கிட்டு அழுதா.

— கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. பலகையாலை வந்த சண்டை. நீங்கள் அதே பலகையைக் கொண்டு போய் நீட்டினா நக்கல் எண்டு நினைக்க மாட்டாரோ?

— ரெண்டு நாள் நித்திரை இல்லாமல் அதைத்தான் யோசிச்சன். எல்லாரும் அவரைப் பலகையை விட்டிட்டு வா எண்டினம். ஒருத்தராவது பலகையோடை வா எண்டு சொல்ல வேண்டாமோ? எனக்கு மூண்டு அக்கா, அண்ணை. கூடப்பிறந்த ஆம்பிளை இல்லை. இந்தக் கலியாணத்திலை எனக்கு ஒரு தம்பி கிடைக்கும் எண்டு ஆசைப்பட்டனான். அது வராமல் போகுதே எண்டு எனக்குச் சரியான கவலை.

— ஆசை சரி. ஆனா தை மாசம் தை மாசம்தானே.

— அங்கைதான் விசயம்! நாளை மாத்தியாச்சு. வைகாசி. மலையிலை சினோ எல்லாம் கரைஞ்சிடும், குசினியும் பூட்டிடும். அவர் ஏன் வர மாட்டன் எண்டவர் எண்டு எனக்குப் போன மாசம்தான் தெரியும். தெரிஞ்ச அண்டே அம்மாவோடை சண்டை பிடிச்சு, ஐயரிட்டை வேறை நாள் வாங்கினன். மாமாவும் ஓம் எண்டிட்டார்.

— குலசிங்கத்தார் ஓம் எண்டவரோ?

— உங்களுக்கு மாமாவைத் தெரியுமோ?

— நீங்கள்தானே இப்ப பேர் சொன்னீங்கள். எப்பிடி ஓம் எண்டவர்?

— கலண்டரைக் கழட்டி வைகாசியைப் பாத்தவர். பிறகு, "நான் கதைச்சது பிழைதான், அவனுக்கு ஆர் சொல்லுறது, என்ரை போனை எடுக்கமாட்டானே" எண்டார். ஒருத்தற்றை போனும் எடுக்கிறார் இல்லை அண்ணை. அதாலை டிசம்பரிலை குசினி திறந்த உடனை ட்ரெயின் ஏறி, பலகையோடை போய் குசினிப் பின் வாசலிலை நிக்கப் போறன். துரத்தினா பலகையை வைச்சிட்டு வருவன்.

— துரத்தமாட்டார்.

— உங்கட வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். அதுசரி, இவ்வளவு கதைச்சிட்டன், உங்கட பேரைக் கேக்கேல்லை பாருங்கோ.

— அண்ணை எண்டு கூப்பிட்டாப் பிறகு இஞ்சை ஆர் பேர் கேக்கினம்? கால் அளவைச் சொல்லுங்கோ. அதுதான் முக்கியம்.

— சப்பாத்துக்கும் பலகைக்கும் என்ன?

— அகலம். இந்தப் பலகை ஓரத்தாலை சினோவைக் கீறிக்கொண்டு, ஆள் நிலத்திலை கை படுற அளவுக்குச் சரிஞ்சு திரும்புறது. பலகை ஒடுக்கம், கால் பெரிசு எண்டால் நுனிவிரல் சினோவிலை கொழுவும். கொழுவினா ஆள் பறக்கும்.

— நாற்பத்திரண்டு. விதுர்ஷா அடிச்சுச் சொன்னவ.

— நாற்பத்திரண்டு எண்டால் உங்கட கையிலை இருக்கிற ஒடுக்கம் காணும். எழுபத்தைஞ்சு கிலோவுக்கு இந்த நீளம் சரி. கெட்டியும் அளவு, மெல்லிசும் இல்லை, இரும்பும் இல்லை.

— அப்பாடா. அப்ப இதையே கட்டித் தாங்கோ. என்ன அண்ணை, ஏன் வாங்கி வைக்கிறீங்கள்? கண்ணும் கலங்கிக் கிடக்கு.

— தூசி எண்டு சொன்னனெல்லோ. அந்தச் சுவரோடை நிக்கிற அகலமானதை எடுங்கோ.

— நாற்பத்திரண்டுக்கு ஒடுக்கம் காணும் எண்டு இப்பதானே சொன்னீங்கள்?

— காணும். அக்கா என்ரை பழைய சப்பாத்தை வைச்சுச் சொல்லியிருக்கிறா. எனக்கு இப்ப நாற்பத்திநாலு, அத்தான்.