வெயிட் போடாத குக்கர்

பெயர் பெமிலா, வயது 38, காலஞ்சென்ற ஜெஸ்பினின் மனைவி, இருப்பு கடியப்பட்டணம். நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து ஆய்வாளர் முன்பு சொல்வது:

என் கணவர் விசைப்படகில் வாரக்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிப்பவர். அவர் போகும்போதெல்லாம் சூரை மீனை எண்ணெயில் பாட்டிலில் அடைத்து, குக்கரில் வெயிட் போட்டு ஒன்றரை மணி நேரம் வேகவைத்துக் கொடுத்தனுப்புவேன். மீனவப் பெண்களுக்கான பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

கடந்த மாதம் எட்டாம் தேதி மாலை மீனை அடைத்து முடித்த நேரத்தில் பக்கத்து வீட்டு சூசை மாமா இறந்துபோனார். சுவருக்கு அந்தப் பக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டருகே குக்கர் விசில் கேட்டால் எங்கள் தெருவில் ஆயுளுக்கும் ஏசுவார்கள். மறுநாள் காலை படகு புறப்பட இருந்தது. அதனால் வெயிட்டை எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் வெறும் ஆவியில் வேகவைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் எது பிழைக்கும் என்று பெரிய மேதாவி போல நினைத்துக்கொண்டேன்.

படகு போன பன்னிரண்டாம் நாள் கணவர் ஒரு பாட்டிலைத் திறந்து தனியாகத் தின்றிருக்கிறார். மறுநாள் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததாம், அதன்பின் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். கரை சேர்த்து மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு இமை திறக்கவில்லை, காது கேட்டது. நான் பேசினால் என் விரலை அழுத்துவார். நான்காம் நாள் அழுத்தவில்லை.

படகில் சமைக்கும் ஷிஜினுக்கும் அவருக்கும் முன்பு வாய்த்தகராறு உண்டு. அதை வைத்து, ஷிஜின் விஷம் வைத்ததாக என் கொழுந்தன் புகார் கொடுத்து, ஷிஜின் இப்போது இங்கே காவலில் இருக்கிறான். என்ன விஷம் என்ற ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை.

அதன்பின், அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் அம்மா மீன் செய்த விதத்தை என்னிடம் துருவிக் கேட்டார். "கொதிக்க சூட்டுல கிருமி சாவும், அதுக்க வித்து சாவாது. பாட்டிலுக்குள்ள காத்து இல்லேல்லா, அங்க முளைச்சு விஷம் கக்கும். வித்து சாவ நூத்தி இருபத்தோரு டிகிரி வேணும், அதுக்குத்தான் வெயிட்டு" என்றார். அன்று முதல் காப்பிக்குத் தண்ணீர் கொதித்தாலும் அதற்குள் ஏதோ உயிரோடு கிடந்து என்னைப் பார்ப்பதாகப் பயம்.

தின்னும்முன் பத்து நிமிடம் கொதிக்க வைத்திருந்தால் அந்த விஷம் அழிந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். அது கேட்டு எனக்கு ஷிஜின் மேல் கோபம் வந்தது. நேற்று இங்கு வந்து, ஏன் சூடாக்கவில்லை என்று கேட்டேன். அவன் தலை நிமிராமல், "நான் அடுப்புல வச்சேன் அக்கா. அண்ணன் விடல்ல. சூடாக்கினா மீன் உதிர்ந்து போவும், அப்படியே தின்னணும்னு பெமிலா சொல்லியிருக்கான்னாரு" என்றான்.

சொன்னேன். பாட்டிலைப் பையில் வைக்கும்போது இரண்டு முறை சொன்னேன். ஷிஜினை விட்டுவிடுங்கள்.

மேலே எழுதியிருப்பது யாரும் வற்புறுத்தாமல் நான் சொன்னது, நடந்தது. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ஜெ. பெமிலா