பள்ளத்து மனைகளை நீலமாகத் தீட்டியவருக்கு

நாளைய நகரை நாளெல்லாம் நெஞ்சில் சுமந்த நேர்மையின் நிலைக்களனே! வண்ணக் கோல் ஏந்தி, வரைபடத் தாளில் வருங்கால மக்களின் வாழ்விடம் வகுத்த வல்லுநரே! கோப்புகளின் குவியலுக்கு நடுவே குரல் உயர்த்தாமல், கொண்ட கருத்தில் குன்றாமல், நகராட்சித் திட்டப் பிரிவின் முதுநிலைத் திட்டமிடுநராய் அமர்ந்து, இன்று பணி நிறைவு பெற்று விடைகொள்ளும் எங்கள் அன்பிற்குரிய அம்மையீர்! உங்களோடு ஒரே கூரையின்கீழ் உழைத்த நாங்கள் இம்மடலைப் பணிவோடும், மறைப்பானேன், கொஞ்சம் தலைகுனிவோடும் உங்கள் முன் வாசிக்கிறோம்.

இதன் முதல் வரைவில் "வருவதை முன்னரே உணர்ந்து உரைத்த தீர்க்கதரிசியே" என்று உங்களை விளித்திருந்தோம். தலைமை எழுத்தரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த நீங்கள், பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டீர்கள். "எழுதறதா இருந்தா நடந்ததை எழுதுங்க. இல்லன்னா எல்லாருக்கும் குடுக்கற மாதிரி ஒரு சுவர்க் கடிகாரத்தைக் குடுத்து அனுப்பிடுங்க" என்றீர்கள். கடிகாரமும் வாங்கியாகிவிட்டது, அது வேறு விஷயம். நடந்ததை உங்களுக்கே சொல்வதில் பொருளில்லை என்பதால், இனி அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் முன்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். பிசகினால் திருத்துங்கள்.

அவையோரே! ஊரின் எந்த மூலையில் வீடு வரலாம், எங்கே பட்டறை, எங்கே பள்ளிக்கூடம், எந்த நிலத்தைத் தொடாமலே விட்டுவைக்க வேண்டும் என்று இருபதாண்டு முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வரைபடத்தில் நிறம் தீட்டுவது அம்மையாரின் வேலை. குடியிருப்புக்கு மஞ்சள், தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீலம். தேநீர் எந்தக் கடையில் சொல்லலாம் என்று கேட்டால்கூட, அந்தத் தெருவில் பிற்காலத்தில் எவ்வளவு நெரிசல் வரும் என்று தொடங்கிவிடுவார். "அம்மாகிட்ட மணி கேட்டா வருஷம் சொல்லுவாங்க" என்பார் எங்கள் ஓட்டுநர். இருபது வருஷத்து அம்மா என்று நாங்கள் வைத்த பெயர் அம்மையார் காதுக்கு எட்டியது எங்களுக்குத் தெரியும். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

ஊரின் கிழக்கே, வாய்க்காலுக்குக் கீழே ஒரு பரந்த பள்ளம். பெருமழைக் காலத்தில் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தங்கி, இளைப்பாறி, பிறகுதான் ஆற்றுக்கு இறங்கும். அம்மையார் தம் முதல் திட்டத்திலேயே அதற்கு நீலம் தீட்டியிருந்தார். ஆனால் ஊர் பெருத்தது, வீடில்லாதவர்கள் பெருகினார்கள், மனை பிரிப்பவர்களும் மோப்பம் பிடித்து வந்தார்கள். பள்ளத்தில் பாதியை மஞ்சளாக்க வேண்டும் என்று நகர்மன்றத்தில் தீர்மானம் வந்தது. அம்மையார் எழுந்து, வெள்ளத் தேக்கப் பரப்பு, வடிகால் கொள்திறன், நிகழ்தகவு என்று தம் அறிக்கையை வரி விடாமல் படித்தார். உறுப்பினர்கள் செல்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர், அம்மா சொல்வது புரிகிறது, ஆனால் ஜனங்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. அம்மையார் கோப்பில் தம் மறுப்பை எழுதிக் கையெழுத்திட்டு, வரைபடத்தைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் போட்டார். அதற்குப் பிறகு பல மாதம் அந்தப் பக்கத்துச் சாலை வழியாகக்கூட அவர் போகவில்லை.

அவருக்கு ஒரு தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு அவர்தான் அந்தத் தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கினார். மருந்துக் கடையில் கணக்கராய் இருக்கும் தம்பி, கைக்கு எட்டிய விலையில் ஒரு மனை கிடைத்ததென்று பூரிப்போடு அக்காவிடம் வந்தார். மனை பள்ளத்தில் இருந்தது. அம்மையார் முகம் இறுகியது. மன்றத்தில் பேசிய அதே மொழியில் தம்பியிடமும் பேசினார். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்று, "உன் ஆபீஸேதானேக்கா அனுமதி குடுத்திருக்கு" என்றார். கேட்டதில் தவறில்லை. ஆனால் அம்மையாருக்கு அது மன்றத்தில் உயர்ந்த கைகளோடு சேர்ந்த இன்னொரு கையாகத் தெரிந்தது. உன் இஷ்டம் என்று சொல்லி எழுந்துவிட்டார். தம்பி வீடு கட்டிக் குடிபோன அன்று அலுவலகத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அன்று வேலை எதுவும் இருக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து பழைய கோப்புகளுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த மழை வந்தது.

விடாமல் கொட்டியது. காலையிலிருந்தே அலுவலகத் தொலைபேசிகள் ஓயவில்லை; பள்ளத்தில் ஒவ்வொரு தெருவாகத் தண்ணீர் ஏறுகிறது என்று தகவல் வந்தபடி இருந்தது. எங்களில் ஒருவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பழைய வரைபடத்தை எடுத்துத் தூசி தட்டி மேசையில் விரித்தார். நில அளவர் தெருவைச் சொல்லச் சொல்ல, வரைவாளர் பென்சிலால் குறித்தார். ஒவ்வொரு குறியும் நீலத்துக்குள்ளேயே விழுந்தது. விடைத்தாள் திருத்துவது போல இருந்தது. ஒரு தெருகூடத் தப்பவில்லை. தலைமை எழுத்தர் எழுந்து அம்மையாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மையார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வெளியே அந்தத் தெருக்களில் மனிதர்கள் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே அவருடைய செல்பேசி ஒலித்தது. தம்பி.

"அக்கா, தண்ணி உள்ள வந்துடுச்சு."

"நான் அப்பவே சொன்னேன்ல?"

அறையில் இருந்த எல்லார் காதிலும் அது விழுந்தது.

"ஆமாக்கா. சொன்ன."

அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. அம்மையார் திரும்ப அழைத்தார். போகவில்லை. மறுபடி அழைத்தார். வரைபடத்தைச் சுற்றி நின்ற நாங்கள் ஒவ்வொருவராக விலகி அவரவர் நாற்காலிக்குப் போனோம். அவர் குடைகூட எடுக்காமல் இறங்கி, ஓட்டுநரை அழைத்துக்கொண்டு, வாய்க்கால் பாலம் வரை போனார். அதற்கப்பால் வண்டி போகாது. நனைந்த புடவையோடு அங்கேயே நின்றார். தான் சொன்ன சொல்லே தம்பி காதில் விழுந்த கடைசிச் சொல்லாகிவிடுமோ என்ற எண்ணம் அவரைக் கொத்திக் கொத்தித் தின்றது என்று பின்னொரு நாள் எங்களிடம் சொன்னார். பொழுது சாய்கிற வேளையில் மீட்புப் படகு ஒன்று பாலத்தடியில் ஒதுங்கியது. தம்பி இறங்கினார், தம்பி மனைவி இறங்கினார். போர்வையில் சுற்றிய தன் மாமியாரைத் தம்பி தூக்கிக்கொண்டார். அக்காவைப் பார்த்தார். அப்படியே கடந்துபோனார்.

வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். கணக்கெடுப்புக்குப் போன அம்மையாரை ஒரு நிருபர் பிடித்துக்கொண்டார். முன்பே எச்சரித்த அதிகாரி என்று தலைப்பு யோசித்தே வந்திருந்தார் போலும். சுற்றி நின்றவர்களும், இந்த அம்மா அன்றைக்கே வேண்டாமென்று சொன்னாராம் என்று மரியாதையோடு வழிவிட்டார்கள். சுவரோரம் ஒரு தையல்காரப் பெண் உட்கார்ந்து, சேறு படிந்த தையல் இயந்திரத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிர்ந்து கேட்டார். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சொன்னீங்களாம்மா? யார்கிட்ட சொன்னீங்க?"

கோப்பில் எழுதினேன் என்ற பதில் அம்மையாரின் நாக்கு நுனி வரை வந்து, வெளியே வர வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. நிருபரிடம் பேட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் வடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு வாசலை அவர் மிதித்தது அதுவே முதல் முறை. வழக்கப்படி செருப்பைக் கழற்றப் போனவரைத் தம்பி மனைவி தடுத்தார். "கழட்ட வேணாம் அண்ணி. உள்ள இன்னும் மோசம்." அம்மையார் துடைப்பத்தை எடுத்தார். இரண்டு பெண்களும் சமையலறையிலிருந்து சேற்றைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான், தெருவில் மற்ற வீடுகளைவிட இந்த வீடு மூன்று படி உயரமாக இருப்பது அம்மையார் கண்ணில் பட்டது. ஏன் என்று கேட்டார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் ஏத்திக் கட்டினார்" என்றார் தம்பி மனைவி. "எவ்வளவு ஏத்தணும்னு உங்ககிட்ட கேக்கத்தான் பயந்தார்."

அம்மையார் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தம் பேச்சை யாருமே காதில் வாங்கவில்லை என்று இத்தனை காலம் மனம் புழுங்கியவர் அவர். வாங்கிய ஒருவன் இருந்தான். அவன் தம் கூடப்பிறந்தவன். ஒரு வார்த்தை கேட்கக்கூட அவனால் தம்மை நெருங்க முடியவில்லை. அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை என்று எங்களிடம் சொன்னார். அன்று தம்பி, வீட்டின் பின்பக்கம் ஏதோ வேலையாகவே இருந்தார், முன்னால் வரவில்லை.

அடுத்த திட்டத்துக்கான காலம் வந்தது. பள்ளத்தின் மறுபாதியையும் மனையாக்க வேண்டும் என்று சிலர் முனைந்தார்கள். அதை நீலமாகவே விட வேண்டும், பழைய மனைகளில் மிகத் தாழ்ந்த வரிசைகளுக்கு மேட்டில் மாற்று இடம் தர வேண்டும் என்பது அம்மையாரின் பரிந்துரை. பள்ளத்து மக்களே அதை எதிர்த்தார்கள். வெள்ளப் பகுதி என்று எழுதிவிட்டால் எங்கள் வீட்டை நாளைக்கு யார் வாங்குவான் என்றார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. தம்பியும் வந்து கடைசி வரிசையில் நின்றார்.

அம்மையார் அறிக்கையைத் திறக்கவே இல்லை. தம் மார்புக்கு நேராகக் கையை வைத்து, போன முறை மாதிரி மழை பெய்தால் தண்ணீர் இந்த உயரம் நிற்கும் என்றார். கூச்சல் எழுந்தது. சொன்னது பலித்ததில் உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார். எய்தவர் சும்மாதான் எய்தார். அது தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது.

"ஆமா. அன்னைக்குச் சந்தோஷப்பட்டேன்" என்றார் அம்மையார். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சுன்னு என் தம்பி போன் பண்ணான். பத்திரமா இருக்கியான்னு நான் கேக்கல. நான் அப்பவே சொன்னேன்லன்னு கேட்டேன். ஜெயிச்சுட்ட மாதிரி இருந்துச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கூசுது. இனிமே நான் சொன்னது பலிக்கவே வேணாம். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

கடைசி வரிசையிலிருந்து தம்பி முன்னால் நடந்து வந்தார். அவர் அக்காவைப் பார்க்காமல் உறுப்பினர்களைப் பார்த்தே பேசினார். மிச்சமிருக்கும் நிலத்தையாவது விட்டுவிடுங்கள், அங்கே தண்ணீர் நிற்க இடமிருந்தால்தான் எங்கள் வீட்டுக்குள் வராது என்றார். பிறகு திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்.

"நான் சொன்னது சரியாக்கா?"

அம்மையார் ஆமென்று தலையசைத்தார்.

மறுபாதிப் பள்ளம் நீலமாகவே நிலைத்தது. மாற்று இடத் தீர்மானம் மட்டும் அடுத்த கூட்டத்துக்கு, அதற்கடுத்த கூட்டத்துக்கு என்று தள்ளிப்போய் இன்றுவரை நிற்கிறது. தையல்காரப் பெண் இன்னும் அதே தாழ்ந்த வரிசையில்தான் குடியிருக்கிறார். அந்த வரிசையை மேடேற்றாமல் போகிறேனே என்பது அம்மையாரின் குறை. அதை இந்த மேடையிலேயே சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டோம். மன்ற உறுப்பினர்கள் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அம்மையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம். அன்று உங்கள் கையைக் குலுக்கியவர்கள் நாங்கள். பென்சிலால் குறித்தவர்கள் நாங்கள். பழியை நீங்கள் ஒருவரே சுமந்து கூட்டத்தில் நின்றபோது, நாங்களும்தான் என்று எழுந்து சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாவெழவில்லை. ஓய்வு பெறுபவரைப் பாராட்டும் மடலில் எழுதுபவர்கள் நாணுவது மரபன்று. ஆயினும் நாணுகிறோம், நாணத்தோடே உங்களைப் போற்றுகிறோம். அறிவு பலருக்கு வாய்க்கலாம். அது பலித்த நாளில் மகிழ்ந்ததற்காக ஊர் முன் தலைகுனியும் நெஞ்சம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இந்த மடலை எழுதுவதற்காக உங்கள் தம்பியைப் பார்த்தோம். உங்களைப் பற்றி ஏதேனும் பெருமையாகச் சொல்லச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னது இது: "தூறல் போட்டாலே போன் வந்துடும். எடுக்கற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கும். எடுத்தா, 'எங்க இருக்க, சாப்பிட்டியா'ம்பா. வேற ஒண்ணும் கேக்க மாட்டா. நான் பதில் சொன்ன பிறகும் வைக்க மாட்டா."

நிறைநலமும் நெடுவாழ்வும் நீங்காத சுற்றமும் நீங்கள் பெறுக! வாழும் நாளெல்லாம் வானம் அளவோடு பொழிக! மழை பெய்யும் இரவுகளில், அம்மா, உங்களுக்குத் தூக்கம் வருக!

இவ்வண்ணம்,
உங்கள் மேசையைச் சுற்றி நின்ற வரைவாளர், நில அளவர், தலைமை எழுத்தர், ஓட்டுநர்,
மற்றும் நகராட்சித் திட்டப் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்