சிவப்பு வாங்காத வீடு

– கறுப்பு சோயா ஆச்சு, கடற்பாசி ஆச்சு, ஊறுகாய் ஆச்சு, மீன் சீவலும் ஆச்சு. அடுத்தது மீன்கட்டி. சரிதானேப்பா? வருஷக் கடைசின்னா கிழக்கு வாசல்லதான் நுழையணும், இந்த வரிசையிலதான் வாங்கணும், யாரோடயும் நின்னு பேசக் கூடாது. சின்ன வயசுலேருந்து எனக்கு மனப்பாடம்.

– மனப்பாடம்னா வாயை மூடிக்கிட்டு நட, சுமிரே. வரிசைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் ரயில் ஓடுது.

– நீங்க ஸ்டேஷன் மாஸ்டர் வேலையை விட்டு எவ்வளவு காலமாச்சு! இன்னமும் சந்தைக்கே கொடி காட்டறீங்க.

– பையை முன்னால பிடி. விலாங்கு சுடற கடைகிட்ட எப்பவும் கூட்டம் முட்டும். இடது ஓரமா வா.

– அப்பா, கொஞ்சம் நில்லுங்க. நடந்துக்கிட்டே சொல்ற விஷயம் இல்ல இது.

– வீட்டுல சொல்லு.

– வீட்டுல பேச்சை எடுத்தா அம்மா படத்துக்கு முன்னால போய் உக்காந்து மணி தட்ட ஆரம்பிச்சிடுவீங்க. இங்கே உங்களால ஓட முடியாது. முன்னாலயும் ஆளு, பின்னாலயும் ஆளு.

– ஓடறதுக்கு நான் என்ன திருடனா? முதல்ல மீன்கட்டியை வாங்கிக்கறேன். வணக்கம் ஐயா, வியாபாரம் நல்லா இருக்கா? எப்பவும் போலக் கட்டிடுங்க. ஆமாம், அது மட்டும் போதும். பெரிய உபகாரம். ம், நட சுமிரே.

– அந்த மனுஷர் செஞ்சதைப் பார்த்தீங்களா? உங்களைக் கண்டதும், சிவப்பும் வெள்ளையும் ஜோடியா அடுக்கி வச்சிருந்த மீன்கட்டித் தட்டைத் துணி போட்டு மூடிட்டார். கேக்காமலே வெள்ளையை மட்டும் கட்டிக் குடுத்தார்.

– மரியாதை தெரிஞ்சவர். சிவப்பு சந்தோஷத்துக்கு வாங்கறது, துக்க வீட்டுக்காரன் வந்தா அதைக் கண்ணுல காட்டக் கூடாது. அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது.

– துக்கம் ஒரு வருஷம்தான்பா. ராஜா வீட்டுக்கும் ஒரு வருஷம், கூலிக்காரன் வீட்டுக்கும் ஒரு வருஷம். அம்மா போய் நாலாவது வருஷக் கடைசி இது. இந்தச் சந்தையில இன்னும் சிவப்பு வாங்காத வீடு நம்ம வீடு ஒண்ணுதான்.

– நம்ம வீட்டுல போனது ஒருத்தர் இல்ல.

– அண்ணன் சாகல.

– மெதுவா பேசு. நாலு பேர் காதுல விழும்.

– விழட்டுமே. உயிரோட இருக்கறவனைச் செத்துட்டான்னு சந்தை முழுக்கச் சொல்லி வச்சிருக்கீங்க. அம்மா படத்துக்குப் பக்கத்துல அவன் படத்தை வச்சு ஊதுபத்தி ஏத்தறீங்க. போன மாசம் தூசி தட்ட வந்தேனே, அன்னைக்குப் பார்த்தேன்.

– தாயைக் கொன்னவன் மகன் இல்ல. மகன் இல்லேன்னா செத்தவன். இதுல புரியாதது என்ன இருக்கு?

– கொன்னானா? புது வருஷக் காலையில அம்மா ஆசைப்பட்டாங்க. சூப்புல மோச்சி, அந்த ஒட்டற அரிசி உருண்டையைப் போட்டுக் குடுத்தான். தொண்டையில சிக்கிடுச்சு. ஊர்ல வருஷா வருஷம் எத்தனை வயசானவங்களுக்கு நடக்குது!

– வாதம் வந்து பாதி வாய் இழுத்துக்கிட்ட பொம்பளை. முழுங்கவே திணறுவா. அவளுக்கு உருண்டையை முழுசாப் போட்டுக் குடுத்தான். நான் வாசல்ல அக்கம்பக்கத்துக்காரங்களுக்கு வாழ்த்துச் சொல்லிட்டு உள்ளே வரேன். அவ கண்ணு நிலைகுத்திக் கிடக்கு. இவன் முதுகைத் தட்டிக்கிட்டு இருக்கான்.

– இதையேதான் அன்னைக்குத் தகன மேடையிலயும் சொன்னீங்க. எல்லாரும் குச்சியை வச்சுக்கிட்டு அம்மா எலும்பைப் பொறுக்கறோம். அவன் கையில இருந்த குச்சியைப் பிடுங்கினீங்க. "ஏண்டா நறுக்கிப் போடல?"ன்னு அத்தனை சொந்தக்காரங்க முன்னால கேட்டீங்க. ஒரு பதில் சொல்லல அவன். இடுப்பு வரைக்கும் குனிஞ்சான். குனிஞ்சவன் நிமிராமலே வெளியே போனான். எனக்கு அதுதான் மறக்கல.

– பதில் இருந்தா சொல்லியிருப்பான்.

– சரி. இப்போ நான் சொல்ல வந்ததைக் கேளுங்க. அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான்.

– ம்.

– என்னன்னு கேக்க மாட்டீங்களா? உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உங்க பழைய ஸ்டேஷன்ல, நீங்க கொடி பிடிச்சு நின்ன அதே மேடையில, விரைவு ரயில் வர நேரத்துல ஓரத்துக்குப் போயிருக்கான். யாரோ ஒரு காலேஜ் பொண்ணு சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கு. அந்தப் பொண்ணுக்குத்தான் முழங்கையில காயம்.

– மேலே நட. வழியை அடைச்சுக்கிட்டு நிக்காதே.

– நடக்கறேன். ஆனா நீங்க கேட்டே ஆகணும். நேத்து போய்ப் பார்த்தேன். கஞ்சி ஆறிப்போய் அப்படியே இருக்கு. "வீட்டுக்கு வாண்ணா, என் வீட்டுக்காவது வா"ன்னேன். சிரிச்சான். "நாளைக்கு அப்பாவோட சந்தைக்குப் போவியா? அவர் சிவப்பு வாங்கறாரான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. வாங்கினா, அந்த வீட்டுல நான் உயிரோட இருக்கேன்னு அர்த்தம்"னான். வாங்கலேன்னா என்னன்னு நான் கேக்கல. கேக்கற தைரியம் எனக்கு இல்ல.

– அதுக்குத்தான் கூட வந்தியா? உளவு பார்க்க?

– ஆமாம், உளவுதான். போனைக் கையில வச்சுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருப்பான் இப்போ. நான் என்ன சொல்லட்டும்? உங்க கைப்பையில வெள்ளை மட்டும் இருக்குன்னு சொல்லட்டுமா?

– இருக்கறதைச் சொல்லு. பொய் சொல்லிப் பழக்கம் இல்ல நம்ம வீட்டுல.

– அம்மா ஒரு நரிக் கதை சொல்வாங்க, ஞாபகம் இருக்கா?

– கதை கேக்கற வயசா எனக்கு?

– பனிக்காட்டுல ஒரு நரி. காலு சுருக்குல மாட்டிக்கிச்சு. முதல்ல கயித்தைக் கடிச்சுது. அப்புறம் கயிறு கட்டியிருந்த மரத்தைத் திட்டுச்சு. அப்புறம் வழியை மறைச்ச பனியைத் திட்டுச்சு. கடைசியில, "அந்தப் பக்கம் போன்னு சொன்னது நீதானே"ன்னு தன் குட்டியையே கடிச்சுத் துரத்திடுச்சு. விடிஞ்சதும் அந்த வழியா வந்த முயல் சொல்லிச்சாம்: "நரியாரே, நேத்து சாயங்காலம் எனக்காக நீங்க கட்டின சுருக்குதானே இது?"

– நிறுத்து! யாரைப் பார்த்துச் சொல்றே இதை?

– யாரையும் பார்த்து இல்ல. கோவம் குட்டியைத்தான் கடிக்கும்னு அம்மா சொல்வாங்க, அதுக்காகச் சொன்னேன். எதுக்கு இப்படிக் கத்தறீங்க? பையைக் குடுங்க.

– வேண்டாம். நானே தூக்குவேன். இந்தச் சந்துல திரும்பு, பஸ்ஸுக்குப் போகலாம்.

– இங்கேயா? இன்னும் ஒரு கடை பாக்கி இருக்கேப்பா. கோடியில மோச்சிக் கடை. எப்பவும் அதுதானே கடைசி? அம்மா போனதுலேருந்து இந்தச் சந்துலயே திரும்பிடறீங்களா?

– அங்கே எனக்கு வாங்க ஒண்ணும் இல்ல.

– உங்க வரிசை மாறினது அந்த ஒரு இடத்துலதான். புரியுதுப்பா. அந்தக் கடையைப் பார்க்க எனக்கே மனசு வராது. ஆனா சந்துல போக முடியாது போலிருக்கே. குழாய் உடைஞ்சு தோண்டிப் போட்டிருக்காங்க, கயிறு கட்டியாச்சு.

– கயித்தைத் தாண்டிப் போகலாம்.

– ஸ்டேஷன் மாஸ்டர் பேசற பேச்சா இது? நேரா போவோம். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடலாம்.

– ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா! ஐயா, உங்களைத்தான்! அட, நம்ம மோச்சிக் கடையைத் தாண்டியா போறீங்க, நில்லுங்களேன். பாருங்களேன், எத்தனை காலமாச்சு! இது சுமிரே பொண்ணுதானே? அம்மா முகம் அப்படியே இருக்கு கண்ணு.

– வணக்கம், தொகிகோம்மா. கைபூரா மாவு, வேலை நேரம் உங்களுக்கு. நாங்க இன்னொரு நாள் வரோம்.

– இன்னொரு நாள்னு எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன் கண்ணு! வருஷக் கடைசி வந்தா கிழக்குப் பக்கமே பார்த்துக்கிட்டு நிப்பேன். ஐயா மீன்கட்டிக் கடை வரைக்கும் வருவாரு, அப்படியே காணாமப் போயிடுவாரு. என்மேல கோவம், நியாயம்தானேன்னு நினைச்சுக்குவேன்.

– உங்கமேல என்ன கோவம்? நேரமாச்சு. சுமிரே, வா.

– இல்லீங்கய்யா, இன்னைக்கு விட மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லி மன்னிப்புக் கேட்டாத்தான் என் நெஞ்சு ஆறும். பாருங்களேன், இங்கேயே தலை வணங்கறேன்.

– ஐயோ, தொகிகோம்மா, ஈரத் தரையில எதுக்கு மண்டி போடறீங்க? எழுந்திருங்க. அப்பா, பிடிங்களேன்!

– விடு கண்ணு. அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு நகத்தளவா நறுக்கித்தான் குடுப்பேன், எங்க மாமியார் காலத்துலேருந்து அதுதான் வழக்கம். அன்னைக்கும் கத்தியை எடுத்துட்டேன். "இகுயோ அக்காவுக்கு உடம்பு முடியலையே, நறுக்கித் தரட்டுங்களா?"ன்னு கேட்டேன். ஐயா வேண்டாம்னாரு. "புது வருஷ உருண்டையில கத்தி படக் கூடாது, வட்டம் வட்டமா இருந்தாத்தான் குடும்பம் பிரியாது"ன்னாரு. நான் சரின்னு கத்தியைக் கீழே வச்சுட்டேன். ஏன் வச்சேன்? ரெண்டு தரம் கேட்டிருந்தா? அக்கா போன சேதி கேட்டதுலேருந்து, கத்தியை எடுக்கறப்பல்லாம் அதுதான் ஞாபகம். அந்தத் துக்கத்துலயே பையனும் போயிட்டான்னு சொன்னாங்க. ரெண்டு உயிருங்கய்யா. ரெண்டும் என் கணக்குலதான்.

– அப்பா, இவங்க சொல்றது நிஜமா? நறுக்கட்டுமான்னு கேட்டாங்களா? நீங்களா வேண்டாம்னீங்க?

– தொகிகோம்மா, முதல்ல எழுந்திருங்க. நீங்க குனியக் கூடாது.

– எனக்குப் பதில் சொல்லுங்க! "ஏண்டா நறுக்கல?"ன்னு எலும்புக்கு முன்னால நின்னு கேட்டீங்களே!

– கேட்டேன். ... கேட்டேன், சுமிரே. யாரையாவது கேக்காம என்னால அந்த இடத்துல நிக்க முடியல.

– அண்ணன் போயே போயிருப்பான். அந்தப் பொண்ணு பிடிச்சு இழுக்கலேன்னா, போயே போயிருப்பான்.

– என்ன கண்ணு சொல்றே? எந்த அண்ணன்? ஷூஹேயா?

– தொகிகோம்மா, என் மகன் சாகல. நான் செத்துட்டான்னு சொன்னேன். உங்க கணக்குல ஒரு உயிரும் இல்ல. ரெண்டும் என்னோடது. கத்தி இருக்கா கையில?

– இருக்குங்கய்யா.

– உருண்டை குடுங்க. நறுக்கிக் குடுங்க. நகத்தளவு வேண்டாம், அதிலயும் பாதியா. இல்ல, கத்தியை இப்படிக் குடுங்க. நானே நறுக்கறேன்.

– ஐயா, மெதுவா. பாருங்களேன், மாவு ஒட்டும், கத்தியைத் தண்ணியில நனைச்சுக்கோங்க. அப்படித்தான்.

– சுமிரே, இதைக் கட்டி வாங்கிக்கோ. திரும்பு.

– எங்கே? பஸ் அந்தப் பக்கம்.

– மீன்கட்டிக் கடைக்கு.

– வந்த வழியே போறீங்களா? வரிசை மாறுதேப்பா.

– மாறட்டும். ... வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்கம்மா. ஐயா! மீன்கட்டிக்கார ஐயா! அந்தத் துணியை எடுங்க. மூட வேண்டாம். சிவப்பு ஒண்ணு குடுங்க. ஆமாம், எனக்குத்தான். உங்ககிட்ட நான் சொல்லி வச்சிருந்தது பொய். என் மகன் உயிரோட இருக்கான். எல்லாரும் கேட்டுக்கோங்க, உயிரோட இருக்கான்.

– அப்பா, போதும். எல்லாரும் பார்க்கறாங்க.

– பார்க்கட்டும். அன்னைக்கும் எல்லாரும்தான் பார்த்தாங்க. போனைப் போடு.

– அடிக்குது... அண்ணா? நான்தான். சந்தையிலதான் இருக்கேன். வாங்கிட்டார்ணா. சிவப்புதான், என் கண் முன்னால, அதோ கையில வச்சிருக்கார். பொய் சொல்லல, சத்தியமா. அழாதே. இரு, அப்பா போனைக் கேக்கறார்.

– ஷூஹேய், அப்பா பேசறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டுக்கோ, உன் தங்கையும் பக்கத்துல நின்னு கேக்கறா: அன்னைக்குக் காலையில அம்மாவுக்கு நறுக்கறதுக்கு நீ அடுப்படியில கத்தியை எடுத்தே, புது வருஷம் மூணு நாளும் வீட்டுல கத்தி எடுக்கக் கூடாதுன்னு உன் கையிலேருந்து அதைப் பிடுங்கி வச்சுட்டு, வாசலுக்குப் போனது நான்தான்டா.