தாதி கஸ்தூரியின் பதில்கள்

சிம்பாங் ரெங்கம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் இணையம் படுத்துவிடும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், இன்ஸ்பெக்டர். என் வேலையே அதை வைத்துத்தான் ஓடுகிறது.

அங்கே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. படுக்கையோடு கிடப்பவர்கள் தலைமாட்டில் உள்ள டேப்லெட்டில் செய்தி தட்டினால், அந்த நொடியே தாதிகளின், அங்கே கூப்பிடுகிறபடி சொன்னால் மிஸிகளின், கைப்பேசியில் தெரிய வேண்டும். அந்தச் செயலியைச் செய்து கொடுத்தது ஜொகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் கம்பெனி. இணையம் அறுந்து மீண்டால் செய்தி காணாமல் போகிறதா, ஒன்றே இரண்டு முறை போகிறதா என்றெல்லாம் பார்க்கும் சோதனைகளை எழுதுவது நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன் என்று முதலாளியே சொல்வார்.

இதற்கு மனிதர்களை உட்கார்த்தி வைத்து நாள் முழுக்கத் தட்டச் சொன்னால் அவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் கணினியே ஒரு பக்கம் நோயாளியாகத் தட்டும், மறுபக்கம் தாதியாகப் பதில் போடும். பதில் சரியாக வந்து சேர்ந்தால் சோதனை தேறிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பொய்த் தாதிக்கு நான் கஸ்தூரி என்று பெயர் வைத்தேன். அவளுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்தான்: "சரிங்க, இதோ வந்துகிட்டே இருக்கேன்." இப்படிப்பட்ட பொய் ஆட்களை உண்மையான ஆட்கள் புழங்கும் இடத்துக்குள் விடவே கூடாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

என் தம்பி ஜீவன் அந்த இல்லத்தில்தான் இருந்தான். சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி அடித்துப் போட்டது. கழுத்துக்குக் கீழே வலது கை கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். அப்பா அம்மா இல்லை. அக்கா நான்தான் வீட்டில் வைத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. அவன் என்றால் எனக்கு உயிர். வேறு யாரும் உங்களிடம் இதைச் சொல்லப் போவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

ஜீவன் ஓயாமல் தட்டுவான். தண்ணீர் வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மின்விசிறி வேண்டாம், மறுபடியும் வேண்டும். கட்டைவிரல் ஒன்றுதான் அவன் சொன்ன பேச்சைக் கேட்கும், வேறு என்ன செய்வான். ஒருநாள் இல்லத்தின் பொறுப்பாளர் ஷாமளா என்னைக் கூப்பிட்டார்.

"யோகேஸ், ஒங்க தம்பி தொட்டதுக்கெல்லாம் கூப்பிடுறாரு. மிஸிங்க ஓடி ஓடி ஓய்ஞ்சு போறாங்க லா. இப்படியே போனா நீங்க வேற எடம் பாத்துக்கிறதுதான் நல்லது."

வேறு இடம் இல்லை. குளுவாங்கிலும் காஹாங்கிலும் கேட்டுவிட்டேன், எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே அந்த வாரம் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஜீவனின் கட்டிலிலிருந்து வருவது இனித் தாதிகளுக்குப் போகாது. கஸ்தூரிக்குப் போகும், ஒரு பிரதி என் கைப்பேசிக்கு வரும். தாதிகள் எப்படியும் வேளாவேளைக்குச் சுற்றி வருகிறார்கள். அவசரமென்று எனக்குப் பட்டால் இல்லத்துக்குப் போன் போட்டு, சும்மா விசாரிப்பதுபோல், "தம்பியக் கொஞ்சம் போய்ப் பாருங்களேன்" என்பேன். காதும் காதும் வைத்தாற்போல் மாதக்கணக்கில் நடந்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

ஜீவனுக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் பதில் வரத் தாமதமானால் பதறிப் பதறித் தட்டுவான். இப்போது உடனே வந்ததால் பேசாமல் காத்திருந்தான். யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தால் காத்திருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. "சாப்டாச்சா மிஸி?" என்றுகூடக் கேட்பான். அதற்கும் அவள் வந்துகொண்டே இருப்பதாகத்தான் சொல்வாள். அவன் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது கேட்டான்.

"அக்கா, கஸ்தூரி மிஸி எந்த ஷிப்டு? ஆளக் கண்ணுல பாத்ததே இல்ல. வர்றேன் வர்றேன்றாங்க, வர்றது வேற ஆளு."

"அவங்க ஆபீஸ்ல ஒக்காந்து ஆள் அனுப்புறவங்கடா."

"பாவம், நான் ரொம்பத் தொல்ல குடுக்கிறேன் லா. அடுத்த தடவ முறுக்கு வாங்கிட்டு வாக்கா. நான் குடுத்தேன்னு அவங்ககிட்ட குடுத்துரு."

வாங்கிப் போனேன். பொட்டலத்தை அவன் விரலால் தொட்டுக் கொடுத்தான். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டே நானே தின்றேன். நல்ல முறுக்கு. தின்னும்போது அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் புதன்கிழமை பிற்பகல் ஷாமளா எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வேறு இல்லங்களுக்கும் எங்கள் செயலியைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"ஒங்க சிஸ்டத்தால இந்தக் கொஞ்ச மாசமா சத்தமே இல்ல. முக்கியமா யோகேஸோட தம்பி, தங்கமான புள்ளையா மாறிட்டாரு" என்றார் ஷாமளா. மேசைமேல் இருந்த என் கைப்பேசியில் அப்போது ஜீவனின் செய்தி வந்தது.

"மிஸி, சளி அடைக்குது. மூச்சு விட முடியல."

கஸ்தூரி பதில் போட்டாள்.

ஷாமளா எனக்கு நேரெதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார். அவர் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாதி ஓடியிருப்பாள். சளி உறிஞ்சும் கருவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மறந்துவிட்டேனா, பதறிவிட்டேனா என்று நேற்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை. சொன்னால், அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஷாமளா கேட்பார். வெளியே போய் இல்லத்துக்குப் போன் போட்டாலும் அந்தக் கேள்வி வரும், ஏனென்றால் சும்மா விசாரிக்கும் குரல் அன்றைக்கு எனக்கு வந்திருக்காது. விஷயம் வெளியே வந்தால் ஜீவனுக்குக் கட்டில் போய்விடும். அந்தக் கட்டிலைக் காப்பாற்றத்தானே நான் இத்தனையும் செய்தேன். தேநீர் கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

"மிஸி எங்க இருக்கீங்க."

பதில் போனது.

"அக்காகிட்ட சொல்லுங்க மிஸி."

அதற்கும் போனது. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். முதலாளி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேநீர் கொண்டுபோன பெண்தான் பார்த்திருக்கிறாள். ஷாமளாவுக்குப் போன் வந்தது. அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷி, அவரை இதில் இழுக்காதீர்கள். என் தம்பியைச் சாக விட்டது நான்தான், தெரிந்தேதான் விட்டேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள், இன்ஸ்பெக்டர். அந்த இல்லத்தில் எத்தனையோ பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதிலே வராமல் கிடக்கிறார்கள். என் தம்பியை ஒருநாளும் நான் அப்படி விட்டதில்லை.