தண்ணீர் ஆகாத கொட்டில்

இந்தக் காலத்துச் சனம் எதையும் மோந்து பார்ப்பதில்லை, ஐயா. போத்தலில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்க்கிறது. மண்டையோட்டுப் படம் இருந்தால் பயப்படும், பழத்தின் படம் இருந்தால் வாங்கிக் குடிக்கும். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவன் எத்தனை பேர் இருக்கிறான் இப்போது? போனில் படம் அனுப்பச் சொல்லிவிட்டு வாங்குகிறான், பிறகு நாறுகிறதென்று அழுகிறான். நான் அப்படியான ஆள் இல்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். நடந்ததெல்லாம் அதனால் நடந்ததுதான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சந்தியாப்பிள்ளை. உப்புக்குளத்துக் கடற்கரையில் ஆதம்பாவா முதலாளியின் படகுக் கொட்டில் இருக்கிறதே, அதில் மேஸ்திரி. படிப்பு இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவர்கள் என்ன கண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

பைபர் படகு கட்டுகிற வேலை உங்களுக்கு விளங்காது, அதனால் சொல்கிறேன். அச்சின்மேல் கண்ணாடிநார்ப் பாயை விரித்து ரெசினைத் தடவி உருட்ட வேண்டும். ரெசின் தேன் மாதிரி இருக்கும். அது இறுகுவதற்கு ஹார்ட்னர் விட வேண்டும். ஹார்ட்னர் பார்வைக்குத் தண்ணீர் மாதிரி, ஆனால் தண்ணீர் இல்லை. தோலில் பட்டால் எரிக்கும். கண்ணில் பட்டால் கண்ணைத் தின்னும். இதைச் சொல்ல ஒருவரும் கொழும்பிலிருந்து வரத் தேவையில்லை. என்னுடைய கண்ணிலும் ஒருமுறை பட்டது. தேங்காய் எண்ணெய் விட்டார்கள், தப்பினேன். உங்கள் சட்டையில் மூன்றாவது தெறி அறுந்து நூல் மட்டும் நிற்கிறது, பாருங்கள், இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

எங்கள் தொழிலுக்கு ஒரே எதிரி தண்ணீர். பாயில் ஈரம் பட்டால் வெள்ளை பூக்கும், அடுக்கு கிளம்பும், படகு நடுக்கடலில் வாய் பிளக்கும். அதனால் என் கொட்டிலுக்குள் தண்ணீர் வராது. குடிக்கிறதென்றால் வெளியே நின்று குடிக்க வேண்டும். மழைக்குள் வந்தவன் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். கண்ணில் ஏதும் பட்டாலும் எண்ணெய்தான். ரெசினுக்கு ஆகாத தண்ணீர் ரெசின் பட்ட கண்ணுக்கு மட்டும் எப்படி ஆகும்? இது படிக்காத எனக்கே விளங்குகிறது.

போன மாதம் ரெசின் விற்கிற கொம்பனியிலிருந்து சுவேதினி என்று ஒரு பிள்ளை வந்தது. பாதுகாப்புப் பயிற்சியாம். எங்களை வரிசையாகக் கதிரையில் இருத்தி, ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கிடத்தி, அதன் கண்ணைக் கழுவிக் காட்டியது. அந்தப் பொம்மைக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

"உடன தண்ணி. இமையை விரிச்சுப் பிடிச்சு, குறைஞ்சது கால் மணித்தியாலம் விடாம ஊத்தவேணும். பிறகு நேர ஆஸ்பத்திரி. எண்ணெய், பால் ஒண்டும் விடப்படாது. நல்ல தண்ணி இல்லாட்டி கடல் தண்ணியெண்டாலும் பரவாயில்லை, நிண்டு யோசிக்கப்படாது" என்றது.

"அப்ப மீனுக்கெல்லாம் கண் நல்லாத்தான் இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தது. சிரிக்காமல் இருந்தது என் மருமகன் நிஷாந்தன் ஒருவன்தான். மகள் கிருசாந்தினியைக் கட்டியவன். கொட்டிலில் எனக்கு அடுத்த கை.

"மாமா, கொஞ்சம் கேட்பமே" என்றான். முதலாளிக்கு முன்னால், பொம்மைக்கு முன்னால்.

ரெசினைக் கரைக்கிற அசிற்றோனில் கை கழுவக்கூடாது, சவர்க்காரம் போடு என்றார்கள். ஹார்ட்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கக்கூடாது என்றார்கள். கண்ணாடி போடு, கையுறை போடு. எல்லாம் முடிய ஆளுக்கொரு பணிசும் தேத்தண்ணியும் சான்றிதழும் தந்தார்கள். என்னுடையதைப் பணிசு சுற்றப் பாவித்தேன். நிஷாந்தன் தன்னுடையதைச் சட்டம் போட்டு மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின்விளக்கு.

அதற்கடுத்த கிழமை கொட்டிலுக்குள், என் கொட்டிலுக்குள், ஒரு நீலப் பரல் வந்து நின்றது. அடியில் பைப் பூட்டி, நிறையத் தண்ணீர். கண் கழுவவாம். அன்றைக்கே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சந்தியாண்ணே, வயசும் போகுது. இனி நிஷாந்தன் பார்க்கட்டும். நீங்க கேற்றடியில கதிரையப் போட்டு இருங்கோ, சம்பளம் அதேதான்" என்றார். நல்ல மனுஷன். கதிரையும் புதிதாக வாங்கியிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதுங்கள். ஒரு விஷயத்தைச் சோதிக்காமல் ஒருவனிடம் கொட்டிலைக் கொடுக்கிறார்களே என்கிற கவலைதான் இருந்தது. தண்ணீரா எண்ணெயா என்று ஒருதடவை கண்ணால் கண்டால் எல்லோருக்கும் விளங்கிவிடும். வாய்த்தர்க்கம் தேவையில்லை. அவனுக்கும் நல்லது, மேஸ்திரியாக வரப்போகிறவன்.

இப்போது நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

பரலைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டது நான். அது நடந்ததற்கு முதல்நாள் பின்னேரம். டெங்குக் காலம், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தேங்கிய தண்ணீருக்கு வழக்குப் போடுவார். அதில் புழு இருந்தது. குனிந்து பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. இருந்திருக்கும்.

அவனுடைய கண்ணாடியைத் துடைத்து வைத்ததும் நான்தான். மாமன் மருமகனுக்குச் செய்கிற ஒரு சின்ன உதவி. அசிற்றோன் தொட்டுத் துடைத்தேன். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் அசிற்றோன் பட்டால் பாலாடை மாதிரி வெளிறிப்போகும், போட்டால் ஒன்றும் தெரியாது. அது தெரியுமா என்று கேட்டால், தெரியும். அசிற்றோனோடு கிழவனானவன் நான்.

ஹார்ட்னர் போத்தலின் மூக்கில் ஒரு துளி ரெசின் இறுகியிருந்தது என்று கொட்டிலில் வேலை செய்கிற ஷிஹாப் சொல்லியிருப்பான். உண்மை. ரெசின் தானாக ஏறிப்போய் மூக்கில் இருக்காது. அதை நான்தான் வைத்தேன்.

எண்ணெயை மறந்துவிடாதீர்கள், அதையும் எழுதுங்கள். கடையில் விற்கிற கலப்பட எண்ணெய் இல்லை. செக்கில் வாங்கி, துணியில் வடித்து, சுத்தமான பேணியில் இரண்டு நாளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். கெடுதல் நினைக்கிறவன் மருந்தை முதலில் ஆயத்தம் செய்வானா?

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நிஷாந்தன் ஓர் அடுக்கு முடித்துவிட்டுப் போகிறேன் என்று நின்றான். கண்ணாடியைப் போட்டான், கழற்றினான், சட்டை நுனியால் துடைத்தான், திரும்பப் போட்டான்.

"மாமா, இதுக்கு என்ன நடந்தது?"

"சாமான் அவ்வளவுதான். கொம்பனிக்காரன் தந்தது தானே" என்றேன்.

அவன் அதை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுப் போத்தலை எடுத்தான். அமுக்கினான், வரவில்லை. மூக்கு அடைத்தால் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டு பலமாக அமுக்கினான். பயிற்சியில் அதைச் செய்யாதே என்று அந்தப் பிள்ளை சொன்னது. நான் காதில் வாங்கினேன், அவன் மறந்துவிட்டான். சான்றிதழ் யாரிடம் இருக்கிறது பாருங்கள்.

இரண்டு கண்ணிலும் பட்டது. ஒரு கண்ணில்தான் படும் என்று நினைத்திருந்தேன்.

அவன் கத்தவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நேரே பரலடிக்குத் தடவிக்கொண்டு போய், கீழே குந்தி இருந்து, முகத்தைப் பைப்புக்கு அடியில் பிடித்துக்கொண்டு திறந்தான். காற்று வந்தது. திரும்பவும் பூட்டித் திறந்தான். பிறகு பரலைக் கையால் தட்டிப் பார்த்தான். வெறும் பரலின் சத்தம் உங்களுக்குத் தெரியும்.

"மாமா, கடலுக்குக் கொண்டுபோங்கோ. கெதியா, மாமா."

கடல் எங்கள் கொட்டில் வாசலில்தான் இருக்கிறது. அலை சத்தம் உள்ளே கேட்கும். அவன் கையை நீட்டினான், நான் பிடித்துக்கொண்டேன். கொட்டிலைச் சுற்றிப் பின்பக்கமாக நடத்தினேன், எண்ணெய்ப் பேணி அங்கேதான் இருந்தது. அவன் நல்ல பிள்ளை மாதிரிக் கூடவே நடந்தான்.

"கடல் எங்க, மாமா?"

"வருது, மோனை."

"சத்தம் பின்னால கேட்குதே."

"வருது, வருது."

பின்பக்கத்தில் நிலத்தில் கிடத்தி, நெஞ்சில் ஏறி இருந்துகொண்டு, எண்ணெயை விட்டேன். இரண்டு கண்ணுக்கும். பேணி முடியும்வரை. ஆளை அமத்திப் பிடிக்காவிட்டால் மருந்து நிற்காது. அவன் தண்ணி, தண்ணி என்று சொல்லிக்கொண்டே கிடந்தான். பொம்மைக்காரி மண்டைக்குள் எவ்வளவு ஏற்றிவிட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஷிஹாப் சத்தம் கேட்டு ஓடிவந்தவன், நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி ஒரு வாளி கடல் தண்ணீரோடு வந்தான். வாளி சரிந்தது. என் கால் பட்டுத்தான் சரிந்தது. சோதனை பாதியில் நிற்கும்போது குறுக்கே தண்ணீரை ஊற்றினால் எதனால் சுகம் வந்தது என்று பிறகு எப்படிச் சொல்வது?

"உனக்கென்ன பைத்தியமா, கிழவா?" என்றான். என்னை நீ என்று அவன் பேசியது அதுதான் முதல் தடவை. என்னைத் தள்ளி விழுத்திவிட்டு, நிஷாந்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கடலுக்குள் இறக்கினான். நான் சொல்லவில்லையா, இந்தக் காலத்தில் வயதுக்கு மரியாதை இல்லை.

பிறகு ஆட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்கிறார்கள், ஆள் தெரியாதாம். உடனே கழுவியிருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். டொக்டர் அப்படித்தான் சொல்வார். அவருக்குக் கொட்டிலில் என்ன வேலை தெரியும்? நான் சொல்கிறேன், ஷிஹாப் கடலில் இறக்கியதால்தான் கெட்டது. எண்ணெய் ஊறுவதற்கு விடவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் கிருசாந்தினி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பா, அவர் தண்ணி கேட்டவரோ?"

"கேட்டவன்தான். நான் எண்ணெய் விட்டனான்" என்றேன். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. அவள் எழும்பிப்போய் எதிர் வாங்கில் இருந்தாள். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று தெரியும். சொல்லட்டும். அவளுக்கும் ஒருநாள் விளங்கும்.

ஆக, பரலைத் திறந்தது, கண்ணாடியைக் கெடுத்தது, மூக்கை அடைத்தது, கடலுக்குப் போகவிடாமல் பிடித்தது, எல்லாம் நான். வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை. அவனுடைய கண்ணைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. என்னுடைய கண்ணைக் காப்பாற்றிய மருந்தைத்தான் கொடுத்தேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் இந்த இடத்தில்தான் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கட கண்ணில பட்டதெண்டு சொன்னீங்கள். எங்க வச்சு?"

"நங்கூரம் போட்டு நிண்ட படகில. ஓட்டை அடைக்கப் போனனான்."

"எண்ணெய் எப்ப விட்டது?"

"கரைக்கு வந்த பிறகு. என்ர மாமி விட்டவ."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் ஒண்டும் செய்யேல்ல. எரிவு தாங்காமக் கடலுக்குள்ள விழுந்திட்டன். படகைக் கரைக்கு இழுக்கும் வரைக்கும் ரெண்டு பேர் தலைமயிரில பிடிச்சபடி, அலைக்குள்ளதான் கிடந்தனான்."

"எவ்வளவு நேரம்?"

"நல்ல நேரம்தான்."

சார்ஜன்ட் என் கண்களையே பார்த்தார். எதற்காக அப்படிப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. விழுந்தது விழுந்ததுதானே, அது வைத்தியமா? அவர் குனிந்து அதையும் எழுதினார். அது இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன், வெட்டவில்லை.

வாசித்துக் காட்டினார்கள். சரி என்றேன். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலில் நீல மை தடவி வைத்தேன். சார்ஜன்ட் முற்றத்துப் பைப்பைக் காட்டி, "போய்க் கழுவிப்போட்டு வாங்கோ" என்றார்.

"இது தண்ணிக்குப் போகாது" என்றேன்.

"கழுவிப் பார்த்தனீங்களோ?"

பார்க்கத் தேவையில்லை. விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, பைப்பைத் தாண்டி, ஜீப் நின்ற பக்கமாக நடந்தேன்.