சடையாண்டி கடையின் கொல்லைப்பக்கம்

அண்ணாச்சிமாரே... பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோறாங்களே, நம்ம கடைத்தெரு என்னாகும்னு கேக்குறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு டீக்கடைக்காரர் கதையைச் சொல்லிடுறேன். சின்னதுதான், கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

எங்க பக்கம் ஒரு ரயில்வே கேட். அதை ஒட்டி சடையாண்டின்னு ஒருத்தர் டீக்கடை வச்சிருந்தார். கடை முகம் ரோட்டைப் பார்த்து, முதுகு தண்டவாளத்தைப் பார்த்து. கேட்டைப் போட்டா என்னாகும்? பஸ் நிக்கும், லாரி நிக்கும், கல்யாண வேன் நிக்கும். நின்னவன் சும்மா நிப்பானா? டீ குடிப்பான், போண்டா தின்பான். சடையாண்டிக்கு விளம்பரம் வேண்டாம், போர்டு வேண்டாம். ரயில் வந்தாப் போதும்.

அந்த ரயிலை நிறுத்திட்டாங்க. கேட்டைக் கழட்டி, தண்டவாளத்தைப் பேத்து, லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச காலம் கருவேலம் முளைச்சுக் கிடந்துச்சு. அப்புறம் பார்த்தா, அதே பாதையில வழவழன்னு தார் போட்டு, ரெண்டு பக்கமும் பூச்செடி வச்சு, சைக்கிள் ஓட்ட மட்டும்னு போர்டு நட்டுட்டாங்க.

சடையாண்டிக்கு ஒண்ணும் விளங்கல. கார் வருது, கார் முதுகுல சைக்கிள். இறக்குறான். தலையில கவுத்த கூடை மாதிரி ஒரு தொப்பி. ஓட்டிட்டுப் போறான். வெயில் ஏறினதும் போன வழியே திரும்பி வர்றான், சைக்கிளைக் காருல ஏத்துறான், போயிடுறான். மனுஷன் பொறுக்க மாட்டாம ஒரு ஆளை மறிச்சே கேட்டுட்டார்.

"ஏன் தம்பி, எங்க போயிட்டு வர்றீங்க?"

"எங்கயும் இல்லண்ணே... சும்மாதான்."

"சும்மா போயிட்டு வர்றதுக்கா இம்புட்டு வேர்வை? கார்தான் நிக்குதே."

தம்பி சிரிச்சுக்கிட்டே சைக்கிளைக் காருல ஏத்திட்டுப் போயிட்டான்.

அது போகட்டும். யாவாரம்? ரோட்டுல எவனும் நிக்கிறதில்ல. கேட்டே இல்ல, எதுக்கு நிப்பான்? சடையாண்டி பாய்லரைப் பத்தவச்சுட்டு ரோட்டையே பார்த்து உட்கார்ந்திருப்பார். கடைசியில, கடையைக் கைமாத்திட்டுத் திருப்பூர் போய் வாட்ச்மேன் வேலை பார்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டார். அவர் சம்சாரம் ஒச்சம்மாவுக்கு அதுல துளியும் இஷ்டமில்ல. பிடிச்ச பிடியில நின்னா.

இங்கதான் விஷயம் குழம்புது. ஆளே வராத கடையில... பால் தீருது. காலையில சுட்ட போண்டா வெயில் ஏறுறதுக்குள்ள காலி. பூனையா? பூனை பாலைக் குடிக்கும், டீத்தூளையுமா திங்கும்? மச்சினனா? அவன் கேரளாவுல இருக்கான். பொண்டாட்டிகிட்டயே கேட்டார். "இந்தா ஒச்சம்மா, வேண்டுதல் கீண்டுதல்னு யாருக்கும் அன்னதானம் பண்றியா?" அவ அடுப்படியில இருந்தே சொன்னா, "ஆமா, உங்களுக்குத்தான். இத்தனை வருஷமாப் பண்றேன்."

ஒருநாள் சத்தமில்லாம சுத்திப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பார்த்தா... அடுப்படிச் சுவத்துல வரிசையா சைக்கிள் சாத்தியிருக்கு. ஜன்னல் வழியா டம்ளர் வெளிய வருது, போண்டா வெளிய வருது, காசு உள்ள போகுது.

அங்க ஏன் நிக்கிறான்? யோசிச்சுப் பாருங்க. அப்போ ரயில் போச்சு, ரோடு நின்னுச்சு. இப்போ ரோடு போகுது, ரயில் பாதையில சைக்கிள்ல வர்றவன் ரோட்டைத் தாண்டணும், லாரிக்குப் பயந்து நிக்கிறான். நிக்கிற இடம் மாறிப்போச்சு. ஒருத்தன் தண்ணி கேட்டான், ஒச்சம்மா கொடுத்தா. அடுத்தவன் டீ கேட்டான். புருஷன்கிட்டச் சொன்னாத் தடுத்துருவார்னு அவ வாயைத் திறக்கல.

தடுத்தாரா? தடுத்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் சாமி வந்த மாதிரி ஆடினார். "கொல்லைப்பக்கம் நின்னு என்னய்யா யாவாரம்? சாமி படம் முன்னாடி இருக்கு, சாம்பிராணி முன்னாடி போடுறேன். லட்சுமி முன்வாசல்லதான் வருவா. பின்வாசல்ல வர்றது மூதேவி. வேணும்னா முன்பக்கம் வாங்க."

சொன்னதோட நிக்கல. ஜன்னலைச் சாத்தி ஆணி அடிச்சுட்டார். முன்பக்கம் போகணும்னா சைக்கிளைத் தூக்கிக்கிட்டுச் சாக்கடையைத் தாண்டணும். ஒருத்தன் போனானா? போகல. அன்னைக்கு போண்டா தட்டுல அப்படியே இருந்துச்சு. அடுத்த நாளும் இருந்துச்சு.

சிரிக்காதீங்க. கல்லாவை ஈசானிய மூலையில இருந்து நகர்த்த மாட்டேன்னு சொன்னவங்க இந்தக் கூட்டத்துலயே இருக்கீங்க, எனக்குத் தெரியும்.

ஒச்சம்மா சண்டை போடல. மறுநாள் விடியக்காலம் சடையாண்டி கடை வாசலுக்கு வந்தா... வாசல் வெறுந்தரையாக் கிடக்கு. தண்ணி தெளிக்கல, கோலம் இல்ல. கல்யாணமான நாள்ல இருந்து அப்படி ஒரு விடியலை அவர் பார்த்ததில்ல. என்னமோ ஏதோன்னு பின்பக்கம் ஓடினார். அங்க, சைக்கிள் பாதை ஓரத்துல, ஜன்னலுக்கு நேரா, சாணி தெளிச்சு, பெரிய படிக்கோலமாப் போட்டு, செம்மண் பட்டை இழுத்துக்கிட்டு இருக்கா.

"என்னடி இது கூத்து?"

"இனிமே இதுதான் வாசல். உங்க லட்சுமிக்கு வழி தெரியணும்ல."

மனுஷன் கோலத்தைப் பார்த்தார். திரும்பி ரோட்டைப் பார்த்தார். மறுபடி கோலத்தைப் பார்த்தார். எது முன்னாடி, எது பின்னாடின்னே பிடிபடல. ஆனா போட்ட கோலத்தை மிதிக்கவா முடியும்? ஓரமாச் சுத்திப் போய், ஆணியைப் பிடுங்கினார். திருப்பூர் போகல.

அண்ணாச்சிமாரே... அடுத்த மாசம் நம்ம தெருவுல பஸ் நிக்காது. குழப்பமா இருக்கா? எனக்கும்தான். எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி பேச நான் வரல. ஆனா ஒண்ணு தெரியும். போறவன் நமக்கு யாவாரம் தரமாட்டான், நிக்கிறவன்தான் தருவான். ஜனம் எங்கயாவது நிக்கத்தான் போகுது. அவன் ஏன் அங்க நிக்கிறான்னு புரியிற வரைக்கும் காத்திருந்தா நமக்குக் கடை மிஞ்சாது. எங்க நிக்கிறான்னு மட்டும் பாருங்க, போதும். கலெக்டருக்கு மனு எழுதுறவங்க எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா இங்க இருந்து நேரா வீட்டுக்குப் போகாதீங்க. அவங்கவங்க கடையை ஒரு சுத்து சுத்தி வந்து, உங்க வாசல் இப்ப எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் தூங்குங்க.